ரெண்டரை வட்டி

நாலாவது செமஸ்டர்ல நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பேப்பர் எழுதின எல்லாருக்கும் நியூட்டன்-ராப்சன் முறை ஞாபகம் இருக்கும். ஒரு சமன்பாட்டுக்கு நேரடியா விடை காண முடியலைன்னா, முதல்ல உத்தேசமா ஒரு எண்ணை வெச்சு ஆரம்பிக்கணும். அந்தப் புள்ளியில தொடுகோடு வரைஞ்சு, அது எக்ஸ் அச்சை வெட்டுற இடத்தை அடுத்த உத்தேசமா எடுத்துக்கணும். நாலைஞ்சு தடவை இப்படிப் போனா விடைக்குப் பக்கத்துல வந்துடலாம். "இதை வாழ்க்கையில எங்கடா யூஸ் பண்ணப் போறோம்"னு கடைசி பெஞ்சுல நாங்க பேசிக்கிட்டதும் ஞாபகம் இருக்கு. எனக்கு அதுக்கான இடம் ரெண்டே மாசத்துல கிடைச்சுது. அம்மாவோட சீட்டு நோட்டுல.

எங்க ஊர் திருப்பூர். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறார். அம்மா பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. 2025 ஜூன்ல நான் லீவுக்கு வீட்டுக்குப் போனப்போ பேச்சு முழுக்க தங்கச்சியோட காலேஜ் ஃபீஸ் பத்திதான். "சீட்டு போட்டாச்சு, போன தடவை உனக்கு எடுத்த மாதிரி நாலாவது மாசம் தள்ளி எடுத்துக்கலாம்"னு அம்மா சொன்னாங்க. நான் ரெண்டு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச திமிர்ல, "இரும்மா, போன சீட்டுல எவ்வளவு வட்டி கட்டினோம்னு முதல்ல பாத்துடுறேன்"னு சொல்லி நோட்டை வாங்கினேன்.

ஏலச்சீட்டு தெரியாதவங்களுக்காக ஒரு பத்தி. எங்க தெருவுல ஒரு அக்கா நடத்துறாங்க. 20 பேர், 20 மாசம், ஆளுக்கு மாசம் 5,000. மொத்தம் ஒரு லட்ச ரூபாய் சீட்டு. முதல் மாசப் பணம் தள்ளு இல்லாம அந்த அக்காவுக்கே போயிடும், அதுதான் அவங்க நடத்துறதுக்கான லாபம். ரெண்டாவது மாசத்துல இருந்து ஏலம். யார் அதிகமா தள்ளிக் கேட்கிறாங்களோ அவங்களுக்குச் சீட்டு. ஒருத்தர் 30,000 தள்ளி எடுத்தா அவங்க கைக்கு 70,000 வரும். அந்த 30,000-ஐ இருபது பேருக்கும் பிரிச்சா ஆளுக்கு 1,500. அதனால அந்த மாசம் எல்லாரும் 3,500 கட்டினா போதும். ஆரம்பத்துல பணத் தேவை இருக்குறவங்க போட்டி போடுறதால தள்ளு அதிகமா போகும். போகப் போகக் குறைஞ்சு, கடைசி மாசம் எடுக்குறவங்களுக்கு முழு லட்சமும் வரும்.

போன சீட்டு 2023 மே மாசம் ஆரம்பிச்சது. எனக்கு கவுன்சிலிங்ல சீட் கிடைச்சு, ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி நெருங்கின ஆகஸ்ட்லதான் அம்மா 28,000 தள்ளி 72,000 ரூபாய் எடுத்தாங்க. அம்மா கட்டின கணக்கு நோட்டுல மாசவாரியா இருந்துச்சு. முதல் மாசம் 5,000. அடுத்த ரெண்டு மாசம் 3,500. அப்புறம் ரெண்டு மாசம் 3,600. பிறகு 3,700, 3,800, 3,900. ஒன்பதாவது, பத்தாவது மாசம் 4,000. அங்கிருந்து மாசம் நூறு ரூபாய் ஏறி 20-வது மாசம் 5,000. மொத்தம் 84,100.

நான் முதல்ல போட்ட கணக்கு நம்ம எல்லாரும் போடுற கணக்குதான். வாங்கினது 72,000, கட்டினது 84,100. வித்தியாசம் 12,100. அது 72,000-ல 16.8 சதவீதம். இருபது மாசத்துக்கு அவ்வளவுன்னா வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதம். "பத்து பர்சென்ட்தான், பேங்க் மாதிரியே இருக்கு"ன்னு அப்பாகிட்ட சொன்னேன். அவரும் ரொம்ப நாளா அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தாராம். ரெண்டு பேருக்கும் சந்தோஷம்.

ஆனா எனக்குள்ள ஏதோ உறுத்துச்சு. அம்மா 72,000-ஐ வெச்சுட்டு இருபது மாசம் கழிச்சு மொத்தமா 84,100 கொடுக்கலையே? மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துட்டுதானே வந்தாங்க? எடுக்குறதுக்கு முன்னாடியே வேற கட்டியிருக்காங்க. ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு தேதி இருக்கு, என் கணக்குல ஒரு தேதியும் இல்ல.

மாமா பையன் லேப்டாப்பை வாங்கி எக்செல் திறந்தேன். தேதியோட சேர்த்துக் கணக்குப் போட எக்ஸ்ஐஆர்ஆர்னு ஒரு ஃபார்முலா இருக்கு. ஒரு காலத்துல தேதி, பக்கத்துக் காலத்துல தொகை. =எக்ஸ்ஐஆர்ஆர்(பி2:பி21, ஏ2:ஏ21), அவ்வளவுதான் (ஆங்கிலத்துல டைப் பண்ணிக்கோங்க). எல்லாத் தொகையையும் அடிச்சு என்டர் தட்டினேன். #நம்! அப்படின்னு திட்டிச்சு. காரணம் சின்னது. கையை விட்டுப் போற பணத்துக்குக் கழித்தல் குறி போடணும், கைக்கு வர்ற பணத்துக்கு வேண்டாம். நான் எல்லாத்தையும் கூட்டலாவே போட்டிருந்தேன். வரவு மட்டும் இருந்து செலவே இல்லாத ஆளுக்கு வட்டி எப்படிக் கணக்குப் போடும்?

குறியைச் சரி பண்ணேன். அம்மா சீட்டு எடுத்த நாலாவது மாசத்துக்கு மட்டும் 72,000-ல அந்த மாசத் தவணை 3,600 போக, கூட்டல் 68,400. மத்த 19 வரியும் கழித்தல். இப்ப வந்த விடை நம்புற மாதிரியே இல்ல. அரை மணி நேரம் தேடினதுக்கு அப்புறம்தான் தேதி பக்கம் பாத்தேன். ஏலம் ஒவ்வொரு மாசமும் 5-ஆம் தேதி. நான் 05/06, 05/07, 05/08-ன்னு அடிச்சிருந்தேன். லேப்டாப் அமெரிக்க முறையில இருந்ததால, அது எல்லாத்தையும் மே 6, மே 7, மே 8-ன்னு எடுத்துக்கிச்சு. எக்செல் கணக்குப்படி எங்க அம்மா ரெண்டு மே மாசத்துக்குள்ள மொத்தச் சீட்டையும் கட்டி முடிச்சுட்டாங்க. நீங்க எப்ப எக்ஸ்ஐஆர்ஆர் போட்டாலும் முதல்ல தேதிக் காலத்தை மாசப் பெயர் தெரியுற மாதிரி மாத்திப் பாருங்க. இந்த ஒரு பழக்கம் நிறைய நேரத்தை மிச்சம் பண்ணும்.

அதையும் சரி பண்ணப்போ வந்த எண்: வருஷத்துக்குச் சுமார் 33 சதவீதம்.

பத்துன்னு நினைச்சது முப்பத்திமூணு. தப்பா இருக்கும்னு ஐஆர்ஆர் ஃபார்முலாவையும் போட்டுப் பாத்தேன். அதுக்குத் தேதி வேண்டாம், சம இடைவெளியில வர்ற தொகை போதும். மாசக் கணக்கு கொடுத்தா மாச வட்டி வரும். 2.39 சதவீதம் வந்துச்சு. இதைப் பன்னிரண்டால பெருக்கினா 28.7. வட்டிக்கு வட்டி சேர்த்துப் பாத்தா, அதாவது 1.0239-ஐப் பன்னிரண்டு தடவை பெருக்கிப் பாத்தா, மறுபடியும் அதே 33-க்குப் பக்கம். எக்ஸ்ஐஆர்ஆர் எப்பவும் இந்த ரெண்டாவது முறையிலதான் வருஷ வட்டி சொல்லும். ரெண்டு கடனை ஒப்பிடும்போது ரெண்டுக்கும் ஒரே முறையில கணக்குப் போட்டிருக்கோமான்னு பாத்துக்கணும்.

இங்கதான் நியூட்டன்-ராப்சன் எட்டிப் பாத்துச்சு. இந்த ஃபார்முலாக்களுக்கு நேரடி விடை கிடையாது. எல்லாத் தொகையையும் ஒரே தேதிக்குக் கொண்டு வந்து கூட்டினா பூஜ்யம் வர்ற மாதிரி ஒரு வட்டி விகிதத்தைத் தேடணும். எங்க கணக்குல அது 19-ஆம் படி பல்லுறுப்புக் கோவை. எக்செல் 10 சதவீதத்துல இருந்து தேட ஆரம்பிக்கும். நாம வேணும்னா வேற உத்தேச எண்ணைக் கடைசியில கொடுக்கலாம். ஐஆர்ஆருக்கு இருபது தடவை, எக்ஸ்ஐஆர்ஆருக்கு நூறு தடவை முயற்சி பண்ணியும் விடை நிலைக்கலைன்னா அதே #நம்! தான்.

சும்மா உத்தேச எண்ணை 1-ன்னு, அதாவது 100 சதவீதம்னு கொடுத்துப் பாத்தேன். மாசத்துக்கு 105 சதவீதம்னு விடை வந்துச்சு! முதல்ல பயந்துட்டேன். அப்புறம் யோசிச்சா, அதுவும் சரியான விடைதான். கழித்தல், கழித்தல், கழித்தல், கூட்டல், மறுபடி கழித்தல்னு குறி ரெண்டு தடவை மாறுது. குறி எத்தனை தடவை மாறுதோ அத்தனை மிகை மூலங்கள் வரைக்கும் இருக்கலாம்னு டெகார்ட்டே விதி சொல்றது இதைத்தான். அம்மா முதல் மூணு மாசம் சேமிச்சாங்க, அதுக்கப்புறம் கடன்காரர் ஆனாங்க. கணக்குக்கு ரெண்டும் தெரியும், எது நம்ம வாழ்க்கைன்னு தெரியாது. அதை நாமதான் சொல்லணும்.

எந்த விடையை நம்புறதுன்னு பேப்பர்ல போட்டுப் பாத்தேன். சீட்டு எடுத்த அன்னைக்கு வரைக்கும் அம்மா கட்டினது 15,600. அதனால 72,000-ல அடுத்தவங்க பணம் 56,400 மட்டும்தான். அதுக்கப்புறம் 16 மாசத்துல திருப்பிக் கட்டினது 68,500. வித்தியாசம் அதே 12,100. கட்டின ஒவ்வொரு தவணையும் எத்தனை மாசம் கழிச்சுப் போச்சுன்னு சராசரி எடுத்தா 9 மாசத்துக்கு ஒரு துளி கம்மி. ஆக, 56,400 ரூபாய் கடன், சராசரியா 9 மாசம், வட்டி 12,100. மாசத்துக்கு 2.4 சதவீதம். கம்ப்யூட்டர் இல்லாமலே அதே இடத்துக்கு வந்துட்டேன். என் முதல் கணக்குல ரெண்டு தப்பு. அம்மாவோட சொந்தப் பணத்தையும் கடனா எண்ணினேன். 9 மாசக் கடனை 20 மாசக் கடன்னு எண்ணினேன்.

அன்னைக்கு ராத்திரி அம்மா பாத்திரம் கழுவிட்டு வந்து உக்காந்ததும் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். "இங்க பாரும்மா. முப்பத்திமூணு பர்சென்ட் வட்டி. ஏமாந்துட்ட. கிரெடிட் கார்டுக்காரன் ரேஞ்சுக்குக் கட்டியிருக்க"ன்னு கொஞ்சம் சத்தமாவே சொன்னேன். ஏதோ பெருசா கண்டுபிடிச்ச மாதிரி.

அம்மா ஸ்கிரீனைப் பாக்கவே இல்ல. "மாசத்துக்கு எவ்வளவு கண்ணு?"ன்னு கேட்டாங்க.

"ரெண்டு புள்ளி மூணு ஒன்பது."

"ரெண்டரை வட்டின்னு சொல்லு." கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அது எனக்கு அப்பவே தெரியும். அன்னைக்கு வெளியில மூணு வட்டிக்குத்தான் பணம் கிடைச்சுது. நகையெல்லாம் உங்க ஆத்தா ஆபரேசனுக்கு அடகுல இருந்துச்சு. கல்விக் கடனுக்கு எழுதிப் போட்டது வர்றதுக்குள்ள உன்ற சீட்டு போயிருக்கும். மூணு வட்டிக்கு ரெண்டரை வட்டி பரவால்லன்னுதான் தள்ளி எடுத்தேன். ஏமாந்துட்டன்னா சொல்ற?"

எனக்குப் பதில் வரல. நூத்துக்கு மாசம் ரெண்டரை ரூபாய்னா ரெண்டரை வட்டி. நம்ம ஊர்ல வட்டியை இப்படித்தான் சொல்வாங்க. நான் ரெண்டு நாள் எக்செல்லோட மல்லுக்கட்டி எடுத்த எண், அம்மாகிட்ட ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே இருந்திருக்கு. பத்து சதவீதம்னு நம்பிட்டு இருந்தது நானும் அப்பாவும்தான்.

மறுநாள் மன்னிப்புக் கேக்குற மாதிரி வேற ஒரு கணக்கைப் போட்டேன். இந்தத் தடவை நகை வீட்டுல இருக்கு. ஒரு பவுன் வளையல் ரெண்டு. ஜூன்ல பவுன் 70,000-ஐத் தாண்டியிருந்துச்சு. அப்போ மதிப்புல 75 சதவீதம் வரைக்கும் நகைக் கடன் தந்தாங்க. எங்க பக்கத்து பேங்குல வருஷத்துக்கு ஒன்பதரை சதவீதம்னு சொன்னாங்க. அம்மா பாஷையில ஒரு வட்டிக்கும் கீழ.

ரெண்டு வழி. முதல் வழி, பழையபடி நாலாவது மாசம் சீட்டைத் தள்ளி எடுத்து 72,000 வாங்குறது. ரெண்டாவது வழி, அந்த 72,000-ஐ நகைக் கடனா வாங்கிட்டு, சீட்டை எடுக்காம கடைசி வரைக்கும் விடுறது. போன சீட்டு மாதிரியே தள்ளு போனா ரெண்டு வழியிலயும் மாசா மாசம் கட்டுறது ஒரே தொகைதான். கடைசியில ஒரு லட்சம் வரும். 16 மாசத்துக்கு நகைக் கடன் அசலும் வட்டியும் 81,120. மீதி 18,880 ரூபாய் கையில நிக்கும். முதல் வழியில கடைசியில ஒண்ணும் நிக்காது.

கடைசியா எடுக்குறவருக்கு எவ்வளவு வருமானம்னும் பாத்தேன். 84,100 கட்டி ஒரு லட்சம் வாங்குறார். சாதாரணக் கணக்குல 20 மாசத்துக்கு 18.9 சதவீதம். ஆனா அவர் பணம் சராசரியா 9 மாசம்தான் உள்ளே இருக்கு. ஐஆர்ஆர் போட்டா மாசம் 1.87, வட்டிக்கு வட்டியோட வருஷத்துக்கு 25 சதவீதம். எந்த டெபாசிட்லயும் கிடைக்காத வருமானம்! அது எங்கிருந்து வருதுன்னு யோசிச்சப்போ கொஞ்சம் சங்கடமா இருந்துச்சு. 2023 ஆகஸ்ட்ல அம்மா மாதிரி அவசரத்துல தள்ளிக் கேட்டவங்க பணம்தான் அது.

"அப்ப கடைசி வரைக்கும் விட்டுடலாம்மா"ன்னு சொன்னேன். இந்தத் தடவை சத்தம் போடாம.

அம்மா ஒத்துக்கல. நான் பிறக்குறதுக்கு முன்னாடி அம்மா போட்ட ஒரு சீட்டு 17-வது மாசம் உடைஞ்சுதாம். நடத்தினவங்க ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டுப் போயிட்டாங்க. முன்னாடியே எடுத்தவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. எடுக்காம இருந்த நாலு பேர்ல அம்மாவும் ஒருத்தர். "கடைசி வரைக்கும் விட்டவங்கதான் கெட்டிக்காரங்கன்னு அன்னைக்கும் எல்லாரும் சொன்னாங்க கண்ணு"ன்னாங்க.

பதிவு பண்ணின சீட்டு நிறுவனம்னா 1982 சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டுத் தொகைக்கு ஈடா பிணையம் கட்டியிருக்கணும். நடத்துறவங்க எடுக்குற கமிஷனுக்கும் வரம்பு உண்டு, 2019 திருத்தத்துல அதை 5-ல இருந்து 7 சதவீதமா ஏத்தினாங்க. தெருச் சீட்டுக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்ல. நான் போட்ட 25 சதவீதம், 20-வது மாசம் பணம் நிச்சயமா வரும்னு எடுத்துக்கிட்ட 25 சதவீதம். வராமப் போறதுக்கு எக்ஸ்ஐஆர்ஆர்ல ஒரு காலம் கிடையாது. அந்த 18,880 ரூபாயை நான் லாபம்னு பாத்தேன். இன்னும் 16 மாசம் ஒருத்தரை நம்புறதுக்கு அவ்வளவு போதுமான்னு அம்மா பாத்தாங்க.

கடைசியில அம்மாதான் ஒரு தேதி சொன்னாங்க. ஆகஸ்ட்ல வளையலை வெக்கிறது, சீட்டை 15-வது மாசம் எடுத்துடுறது. போன தடவை 15-வது மாசத் தள்ளு 10,000. அதே மாதிரி போனா 90,000 வரும். 11 மாச நகைக் கடன் வட்டி 6,270. அசலோட 78,270 கட்டினா மீதி 11,730. கடைசி வரைக்கும் விட்டா வர்றதைவிட 7,150 குறைவு. "அது போனாப் போகட்டும். ஒரு வருசம் முடியறதுக்குள்ள வளையல் வீட்டுக்கு வந்துரும்"னாங்க. நான் ஷீட்ல அந்த வரியை மஞ்சள் அடிச்சு வெச்சேன். தங்கச்சி ஃபீஸ் கட்டியாச்சு.

இப்ப டிசம்பர். புதுச் சீட்டுக்கு எட்டாவது மாசம். ஒவ்வொரு 5-ஆம் தேதி ராத்திரியும் அம்மா ஹாஸ்டலுக்குப் போன் பண்ணி அந்த மாசத் தள்ளு எவ்வளவுன்னு சொல்வாங்க. நான் ஷீட்ல ஒரு வரி சேர்ப்பேன். அம்மா அங்க நோட்டுல ஒரு வரி எழுதுவாங்க. இந்த மாசம் 24,000-க்குப் போயிருக்கு. போன சீட்டுல எட்டாவது மாசம் 22,000 தான்.

"ரெண்டாயிரம் கூடப் போயிருக்கும்மா. நமக்கு லாபம்தான்"னேன்.

"யாருக்கோ அவசரம் போல"ன்னாங்க அம்மா.

நான் அந்த வரியில கழித்தல் 3,800-ன்னு போட்டுட்டு ஃபைலை மூடினேன்.